காலி வரி

மார்ச் 4
அக்கா கல்யாண விருந்துக்கு அம்மா கணினியில் தட்டிய பெயர்ப்பட்டியல் வந்தது. 212 பேர். பெயருக்கு முன்னால் இடைவெளி, பின்னால் இடைவெளி, அங்கங்கே காலி வரி. இதையெல்லாம் கையால் திருத்தவா நான் புரோகிராமர் ஆனேன்? பட்டியலைச் சுத்தம் செய்து, நாற்காலி எண் போட்டு, பெயர்ச் சீட்டு அச்சடிக்க ஒரு குட்டி புரோகிராம் எழுதப் போகிறேன்.

மார்ச் 6
நாற்பத்தொரு வரி. கண் மூடித் திறப்பதற்குள் முடிக்கிறது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

மார்ச் 7
அம்மா: "நான் போட்ட வரிசை மாறக் கூடாதுடா."
"ஒரு ஆள்கூட மாறலம்மா."
பொய்யில்லையே?

மார்ச் 15
நேற்றைய கூத்தை எழுதியே ஆகவேண்டும். விருந்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவுல காலி நாற்காலி எங்கடா? ஒரு வரி விட்டிருந்தேனே!"
"அங்கங்கே விட்டிருந்தியேம்மா!"
"மத்ததெல்லாம் கை தவறினது. அது மட்டும் வேணும்னு விட்டது."

காலி வரியை நீக்குவதுதான் என் புரோகிராமின் முதல் வேலை. போச்சு! அப்பாவின் அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. சித்தப்பா இரவல் வாங்கிய ஏணியை ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து. இப்போது தோளோடு தோள், ஆளுக்கொரு பக்கம் முகம். இங்கே வெடித்தால் அக்கா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள்.

எதிரில் புகைப்படக்காரர் நாற்காலி மேல் ஏறித் தள்ளாடினார். பெரியப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஏணி இருந்தா நல்லது. எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. முழுசா."

சித்தப்பா தட்டைப் பார்த்தபடி, "அந்தப் படி உளுத்துப்போயிருந்துச்சு. விழுந்து ஒரு மாசம் படுத்திருந்தேன். யாரும் எட்டிப் பார்க்கல."

பெரியப்பா சட்டென்று திரும்பினார். "விழுந்தியா? எங்கிட்ட யாருமே சொல்லலியேடா!"

அப்புறம் இருவரும் சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள். அம்மா மட்டும் விடவில்லை: "இருந்தாலும் என்னைக் கேட்டிருக்கணும்."

மார்ச் 17
புரோகிராமில் புது வசதி. காலி வரியை நீக்கும் முன், 'அம்மாவிடம் கேட்டாயா?' என்று கேட்கும்.

ஜூன் 9
அப்பாவின் பணி ஓய்வு விருந்துக்குப் பட்டியல் வந்திருக்கிறது. காலி வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் பதினெட்டாம் வரியில் புரோகிராம் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. வரிக்கு ஒரு பெயர்தான் அதற்குத் தெரியும். அம்மா பெரியப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே வரியில் போட்டிருக்கிறாள்.

பட்டியலில் கை வைக்கவில்லை. புரோகிராமைத்தான் திருத்தினேன்.