சுண்ணாம்புத் தளத்தில் விழுந்த அடி

அக்கா,

இன்று காலை ராசிபுரத்தில் புது வேலைக்குப் போனேன். தொட்டியில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாடை மூக்கில் ஏறியதும், தளம் தட்டும் கட்டையைப் போட்டுவிட்டு மறைவில் போய் வாந்தி எடுத்தேன்.

நாமக்கல் அரிசி மில் மாடியிலும் இதே வாடைதான். சிமெண்டுக்குப் பர்மிட் கிடைக்காததால் சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, இந்தத் தண்ணீரைத் தெளித்து, எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டினோம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் யாரிடமும் பேசமாட்டேன். "வாய் பேசாட்டியும் உன் கட்டை நல்லாப் பேசுது சாமி" என்று நீ சிரிப்பாய்.

அன்று மேலே வந்த மில்காரரிடம் நீ சொல்லிவிட்டாய்: "இந்த மூலைல சரிவு வாட்டம் பத்தாதுங்க. மழைத்தண்ணி ஓடாம நிக்கும். செவுத்துல ஓதம் ஏறும்." மேஸ்திரி உன் புருஷன். மில்காரர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டிவிட்டு இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் உன் கூந்தலைப் பிடித்து இழுத்தான். "எனக்கே வாட்டம் சொல்லித் தாரியாடி?" இடுப்பில் உதைத்தான். நீ குப்புற விழுந்தாய். உன் வாய் இரத்தம் ஈரச் சுண்ணாம்பில் சொட்டியது. ஒருத்தியும் கையை நிறுத்தவில்லை. பாதியில் நின்றால் தளம் இறுகாமல் வெடித்து ஒழுகும். நிறுத்தியவளுக்கு வேலை போகும். ஏழு கட்டைகளும் தட்டிக்கொண்டே இருந்தன. அவன் மறுபடி காலைத் தூக்கினான். ஊன்றியிருந்த காலில் பின்னாலிருந்து என் கட்டை இறங்கியது. எலும்பு நொறுங்கியது.

"எவடி அடிச்சது?" என்று விழுந்து அலறினான்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. உன் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாய். "நாந்தானுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், கட்டுப்போட்ட காலோடு, உலக்கையால் உன் மண்டையைப் பிளந்தான். அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஊரோ உன்னைத்தான் பேசியது. கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மாகூட வரவில்லை. "புருஷன் மேல கை வெச்சவளுக்கு மெழுகுவத்தி ஒரு கேடா?" என்றாராம்.

இன்று வாந்தி எடுத்த வாயைக் கழுவிக்கொண்டு நேராக உன் அம்மா வீட்டுக்குத்தான் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் காலை உடைச்சது அக்கா இல்லீங்க. நானுங்க."

முறம் எகிறி விழுந்தது. "இத்தனை நாளா எங்கடி போச்சு உன் வாய்?" என்று ஓங்கி அறைந்தார். பிறகு சுவரில் தலையை மோதிக்கொண்டு உன் பெயரைச் சொல்லி அழுதார். உன்னைப் புதைத்த பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் இன்றுதான் கேட்டது.

கன்னம் வீங்கியிருக்கிறது அக்கா. எனக்காக நீ வாங்கிய அடிகளில் இந்த ஒன்றாவது என்னிடம் வந்து சேர்ந்தது.