சேவியர் மெஷின்

12, திங்கள்

இன்னிக்குக் காலையில ஆபீஸ்ல யாரோட மெயிலும் போகல. காலண்டர்ல ஒவ்வொரு மீட்டிங்கும் ரெண்டு ரெண்டா காட்டுது. புது சர்வர்லேர்ந்து மெயில இழுத்துத் தர்ற கனெக்டர சனிக்கிழமை கடலூர், சிதம்பரம் ரெண்டு ஆபீஸ் மெஷின்லயும் நான்தான் போட்டேன்.

கேட்டுத்தான் போட்டேன். எம் பொண்டாட்டி ஜெசியோட அண்ணன் சேவியர் சிதம்பரம் ஆபீஸ்லதான் இருக்கார். ரெண்டு வாரம் முன்னாடியே அவருக்கு அனுப்பி, ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கன்னேன். "சூப்பரா ஓடுது மச்சான், தைரியமா எல்லாருக்கும் போடு"ன்னார்.

வீடியோ மீட்டிங்ல மேனேஜர், "யார் டெஸ்ட் பண்ணது?"ன்னு கேட்டார். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள சேவியர், "கொஞ்சம் பொறுங்கன்னுதான் சார் சொன்னேன், அவர் கேக்கல"ன்னுட்டார். மச்சான் போயி 'அவர்' ஆயிட்டேன்.

மத்தியானம் பஸ் புடிச்சு சிதம்பரம் போயி, ஒவ்வொரு மெஷினா உக்காந்து கனெக்டர எடுத்தேன். சேவியர் சீட்ல ஆள் இல்ல. அவர் மெஷின்ல எடுக்க ஒண்ணுமே இல்ல. நான் அனுப்புன ஃபைல் தொறக்காம அப்படியே கெடக்கு. ரெண்டு வாரமா என்னத்த ஓட்டிப் பாத்தார்? ஏற்கெனவே இருக்கும்னு நம்பி சனிக்கிழமை அந்த மெஷின மட்டும் விட்டுட்டேன். இன்னிக்குப் பூரா ஒழுங்கா ஓடுனது அது ஒண்ணுதான்.

வீட்டுக்கு வந்தா ஜெசி மொகம் வாடி நிக்கிறா.

"அண்ணன் போன் பண்ணுச்சுங்க. உங்களக் காப்பாத்த மேனேஜர்கிட்ட எவ்வளவோ பேசிப் பாத்துச்சாம்."

சோத்தப் போடுன்னேன்.