ராணிக்கு எந்த ஊர்

1979 ஜூன் 4
பத்தரை மணிக்குத் தபால் வந்தது. ராணிக்கு வேலை உறுதியாகிவிட்டது. மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. “கிடைச்சிருச்சுப்பா” என்று ஒரு சொல் என்னிடம். மறு நிமிஷம் செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், தைரியராஜ் பெரியப்பாவிடம் காட்ட. பெற்றவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மனைவி இருதயமேரி, கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். அவள் சொல்கிறாள்: “உங்ககிட்ட காட்டினா என்ன பண்ணுவீங்க, மோந்து பாப்பீங்களா?”

ஜூன் 5
மெட்ராஸ், பெங்களூர், பம்பாய். மூன்று ஊரையும் விருப்பப்படி வரிசையாக எழுதி இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். முதலில் எழுதுகிற ஊர்தான் பெரும்பாலும் கிடைக்குமாம்.

தைரியராஜ் சொந்தக்காரர் இல்லை, பெரியப்பா என்பது ராணி கூப்பிடுகிற முறைதான். ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, வாடகை, சாப்பாடு, ஹாஸ்டல், தண்ணீர், பஸ் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிறாராம். ஊர் என்ன பரீட்சையா எழுதுகிறது? சுவருக்கு அந்தப் பக்கம் ராணி சிரிக்கிற சத்தம்.

ஜூன் 7
நாற்பத்தோரு வருஷம் திருச்சி ஜங்ஷனில் போர்ட்டர். வேலை தேடிப் போன எத்தனை பிள்ளைகளுடைய பெட்டியை வண்டியில் ஏற்றியிருக்கிறேன்! போகும்போது எல்லார் பெட்டியும் ஒன்றுதான். முதல் லீவில் திரும்பி இறங்கும்போது பார்க்க வேண்டும், ஊர் தெரிந்துவிடும்.

லால்குடி தர்மராஜ், 1961 ஆடி மாதம், தகரப் பெட்டி, பச்சைப் பூட்டு. பம்பாய்க்குப் போனான். நான்கு வருஷம் கழித்து இறங்கினான். கூப்பிட வந்த அவன் அம்மா என்னைப் பார்த்து, “இவன்தானாய்யா?” என்று கேட்டாள். பெங்களூர் போனவன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், அதுவும் வாட்சைப் பார்த்துக்கொண்டே. மெட்ராஸ் போனவன் அழுக்குத்துணி மூட்டையோடு வருவான், அம்மா துவைக்க வேண்டும் என்று. ஆனால் மாதாமாதம் வருவான்.

என்னைக் கேட்டால் மெட்ராஸ்தான் என்பேன். யார் கேட்கிறார்கள்?

ஜூன் 10
பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று தைரியராஜ் நாலு பேரிடம் சொல்கிறார்: “நம்ம ராணிக்கு மெட்ராஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன்.”

நம்ம ராணியாம். முடிவு பண்ணிட்டாராம்.

நான் நினைத்ததும் அவர் சொன்னதும் ஒரே ஊர். அதுதான் எரிகிறது. தப்பான ஊரைச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஜூன் 11
“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்று ராணியிடம் கேட்டேன். தலை வாரிக்கொண்டே, “நீங்க எந்த ஊரைப்பா பாத்திருக்கீங்க?” என்றாள். கோபமாக இல்லை, சும்மாதான் கேட்டாள்.

வேளாங்கண்ணி பார்த்திருக்கிறேன்.

ஜூன் 14
இன்று ராணியிடம் ஒன்று சொன்னேன். தைரியராஜின் தங்கை மகள் ரோசரி மெட்ராஸ் வேலையை விட்டுப் பத்தே மாதத்தில் திரும்பினாள் அல்லவா? 1974 பிப்ரவரி 9, சனிக்கிழமை, காலை வண்டி. நான்தான் பெட்டியை இறக்கினேன். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று நின்று, இருமி இருமி, எலும்பும் தோலுமாக வந்தாள். உன் பெரியப்பா அதை மறைக்கிறார் என்றேன்.

தேதி நிஜம். வண்டி நிஜம். இருமல் நான் சேர்த்தது. போர்ட்டர் அற்புதசாமிக்கு ஞாபகம் தப்பாது என்று எங்கள் புதூர் முழுக்கத் தெரியும். ராணி முகம் சுண்டிவிட்டது.

மேரி இதை எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். கெஞ்சித்தான் எழுத வைத்தேன்.

ஜூன் 15
பெங்களூர் முதலில். மெட்ராஸ் கடைசி. ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. மீன் குழம்புக்கு இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 18
தைரியராஜ் கூப்பிட்டார். ஜெயித்தவன் மாதிரித்தான் போனேன்.

“உட்காருங்க அற்புதம். என் மார்க்குல பெங்களூர்தாங்க முதல்ல வந்துச்சு.”

“அப்புறம் ஏன் சார் மெட்ராஸ்னீங்க?”

“ராணிதான் மெட்ராஸ்னு ஒத்தக் கால்ல நின்னா. அவ சொன்ன காரணம் இதுதான்: அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், பஸ் ஏறவே முடியாது. அப்பா தனியாத்தான் என்னைப் பாக்க வரணும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிட்டா எழும்பூர்ல எல்லாரும் இறங்குவாங்க, அப்பாவும் இறங்கிருவாரு, போர்டு படிக்க வேணாம்னா. பெங்களூர்னா ஈரோட்டுல மாறணுமே. நீங்க முடிவு பண்ணதாவே சொல்லுங்க பெரியப்பா, அப்பாவுக்கு அவமானமா இருக்கும்னு வேற சொன்னா. இப்ப திடீர்னு ஏன் மாத்திட்டான்னு தெரியல. நீங்க ஏதாவது சொன்னீங்களா?”

ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாலு வருஷம் முன்பு திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். மழை இருட்டில் திண்டுக்கல் என்று நினைத்து வையம்பட்டியில் இறங்கிவிட்டேன், கல்யாணத்துக்குப் போகவே இல்லை. ஜங்ஷன் போர்ட்டர் ஊர் தெரியாமல் இறங்கினான் என்றால் சிரிக்க மாட்டார்களா? வீட்டுக்கு வந்து பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்றுகூடச் சொன்னேன். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க வாங்கிய எவர்சில்வர் தூக்கு பையிலேயே இருந்திருக்கிறது. ராணி அதைப் பார்த்திருக்க வேண்டும்.

“உனக்கும் தெரியுமா?” என்று மேரியைக் கேட்டேன்.

“தெரியும்.”

“எல்லாத்தையும் எழுதிக்கிட்டே இருந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொல்றதை எழுதுன்னீங்க. எழுதினேன்.”

ஜூன் 19
ராணியிடம் சொல்லிவிட்டேன். ரோசரி தன் கல்யாணத்துக்குத்தான் வேலையை விட்டு வந்தாள், நன்றாகத்தான் வந்தாள் என்று.

 “தேதியெல்லாம் சொன்னீங்களேப்பா” என்றாள்.

தேதி சரிதான் என்றேன். வேறு என்ன சொல்ல? போன ரிஜிஸ்டர் தபாலை இனி மாற்றவும் முடியாது.

ஜூலை 26
ஆர்டர் வந்தது. பெங்களூர்.

ஆகஸ்ட் 2
ராணியை ஏற்றிவிட்டோம். பெட்டியை நான் யாரையும் தொட விடவில்லை. தைரியராஜ் என் பக்கத்திலேயே குடையோடு நின்றார். வண்டி நகரும்போது ராணி கையாட்டினாள். எனக்கா, அவருக்கா? இரண்டு பேரும் ஆட்டினோம்.

டிசம்பர் 17
கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லையாம். மேரி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். வாங்க என்று எழுதவில்லை. வர வேண்டாம் என்றும் எழுதவில்லை.

டிசம்பர் 19
தைரியராஜ் வீட்டு வாசலில் இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவை உள்ளே போய், “சார், பெங்களூர் வரைக்கும் துணைக்கு வர்றீங்களா?” என்று கேட்டுவிட்டேன். உடனே சரி என்றார். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

டிசம்பர் 28
நேற்று திரும்பினோம். இரண்டு பெட்டியையும் நான் தூக்கினேன், ஸ்டேஷன் பலகையெல்லாம் அவர் படித்தார். அங்கே வண்டி நின்றதும் ராணி அவர் கையைத்தான் முதலில் பிடித்தாள். சாப்பிடும்போதும் அவர் பேச்சுக்குத்தான் சிரித்தாள். மூன்று நாளும் வயிறு எரிந்தது. கிளம்பும்போது, அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், ஜன்னலோரம் குனிந்து, “அடுத்த தடவை நீங்க மட்டும் வாங்கப்பா” என்றாள்.

வழி நெடுக ஒவ்வொரு பலகையையும் தைரியராஜை உரக்கப் படிக்கச் சொன்னேன். பொழுது போக என்று நினைத்துக்கொண்டார். இன்று மேரிக்குத் திருப்பி ஒப்பித்தேன்: ஈரோடு, சங்ககிரி, சேலம், பொம்மிடி, மொரப்பூர், ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை. இடையில் வண்டி நின்ற சின்ன ஸ்டேஷன்களையும் ஒன்று விடவில்லை.

பிப்ரவரியில் போகிறேன். தைரியராஜுக்கு இன்னும் சொல்லவில்லை.