விரதச் சட்டியில் அவித்த துவக்கு

மச்சாள்,

இன்று காலை குசினியில் சட்டி கழுவுகிற தொட்டிக்குக் கீழே ஒழுகத் தொடங்கிவிட்டது. பேத்தி குனிந்திருந்து அங்கே கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். கடைசியில் அந்த எவர்சில்வர் சட்டி வந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மம்மா, உள்ளுக்குச் சுத்திவர ஒரு கறுப்புக் கோடு கிடக்கு. உரஞ்சட்டோ?" என்று கேட்டாள்.

"தொடாதை" என்றேன். கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல. பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அது உன்னுடைய கோடு. நீ துவக்கு அவித்தபோது தண்ணீர் நின்ற மட்டம்.

அப்போது நாங்கள் லண்டனில் ஆர்ச்வேயில் அந்த மேல்மாடி வீட்டில் இருந்தோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்திக்கு நாலு வயது. நீ என் அவரின் தங்கச்சி என்பது பிறகு வந்த உறவு. அதற்கு முதலே நாங்கள் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு இரண்டு பேரின் படிப்பையும் ஒன்றாகத்தான் மறித்தார்கள்.

ஊரிலிருந்து என் இளைய மகன், சின்னவனின் செய்தி வந்து ஒரு வருசம் ஆகியிருக்காது. பாண் வாங்கப் போன பிள்ளைக்குச் சந்தியில் வெடி பட்டது. யாருடைய துவக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன?

அன்றோடு நான் வெள்ளி விரதத்தை விட்டேன். முருகனுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவர் கோயில் மேட்டில்தான், நடந்து போகிற தூரம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனாலும் மற்றப் பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். விரதச் சோறு மட்டும் வடிக்கிற சட்டியை மூடி, தொட்டிக்குக் கீழே தள்ளிவிட்டேன். ஆறுதல் சொல்ல வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்து, செருப்பைப் போடும்வரை வாசலில் நின்று அனுப்பி வைத்தேன். ஆட்களுக்கு முன்னால் அழ நான் ஆளில்லை. அது உனக்குத் தெரியும்.

நீ ஒரு பழைய சாமான் கடையின் பின்னறையில் வெள்ளிக் கரண்டியும் பித்தளைக் குமிழும் மினுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் பின்னேரம் துணிப் பொட்டலத்தோடு வந்தாய்.

"மச்சாள், உன்ரை விரதச் சட்டியை ஒருக்கால் தா."

"எதுக்கு?"

"அவிக்க."

"எதை?"

நீ துணியை விரித்தாய். உள்ளே துருத் திட்டுப் பிடித்த ஒரு பழைய பிஸ்ரல்.

"உனக்கென்ன விசரே? துவக்கு அவிக்கவோ முருகன்ரை சட்டி?"

"அவர் கையிலை வேல் வைச்சிருக்கிறவர். இரும்பைக் கண்டு பயப்பிடமாட்டார்."

"வேலும் துவக்கும் ஒண்டோ?"

"ஒண்டில்லை. அதுதான் அவிக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ விடவும் இல்லை. கடையில் இடமில்லாமல் முதலாளி வீட்டுக்குத் தந்துவிட்டாராம். நூறு வருசத்துக்கு மேல் பழசாம், இனிச் சுடாதாம், ஆரோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம், அவித்தால்தான் அதன் பழைய கறுப்பு நிறம் திரும்ப ஏறுமாம். இது சரிவந்தால்தான் உனக்குப் பழைய சாமான் திருத்துகிற மேசை வேலை, இல்லாவிட்டால் பழையபடி கரண்டி மினுக்கல். "தண்ணியிலை ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் நிறம் திட்டுத் திட்டாப் போகும். என்ரை சட்டி எல்லாம் மீன் சட்டி. இந்த லண்டனிலை நெய் நாறாத சட்டி உன்னட்டைத்தான் இருக்கு."

நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாள் நீ திரும்ப வர, நானே சட்டியை எடுத்து அடுப்பில் டங்கென்று வைத்தேன். கோபத்தோடுதான். உன் மேசை வேலை என்னால் கெட்டது என்று ஒருவர் சொல்லக்கூடாது. நீ வெள்ளைக் கையுறை போட்ட விரலால் சட்டியின் உள்விளிம்பைத் தடவி, முகர்ந்து பார்த்தாய். "சுத்தம், மச்சாள்."

அந்தப் பின்னேரங்கள் எல்லாம் இப்போது ஒரே பின்னேரமாகத்தான் நினைவில் இருக்கின்றன. பழைய துருவை நீ முன்னமே தேய்த்து எடுத்திருந்தாய். குழலைத் தனியாகக் கழற்றி, அதில் ஏதோ மருந்து பூசி, குளியலறையில் நூலில் தொங்கவிட்டு, தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டாய். "இந்த வீட்டு ஈரம் சுவரைத் திண்டது காணும். எங்களுக்கும் கொஞ்சம் உழைக்கட்டும்" என்றாய். புகார் மாதிரி ஆவி. அதற்குள் அந்த இரும்பு மெல்ல மெல்லச் சிவந்தது, எங்கள் செம்மண் ஒழுங்கையின் நிறத்தில். நீ துருவை வளர்க்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு சட்டியில் கொதி. யன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து, வெளியே போகிற பஸ் வெறும் சிவப்புக் கறையாகக் கரைந்து போனது. தண்ணீருக்குள் அந்தச் சிவப்பு, நான் பார்த்துக்கொண்டிருக்கவே, கறுத்தது. கனவில் ஒருவர் முகம் இன்னொருவர் முகமாக மாறுமே, அப்படி. எந்த நொடியில் மாறியது என்று சொல்ல ஏலாது.

நீ மற்றக் கையுறையை என் பக்கம் தள்ளினாய். கம்பிப்பஞ்சையும் தந்தாய். "மெதுவாத் தேய். பிள்ளைக்குத் தலை துவட்டிற மாதிரி."

தேய்த்தேன். மேலே இருந்த கறுப்புத் தூள் உதிர, கீழே ஒரு மெல்லிய நிறம் ஒட்டி நின்றது. திரும்பவும் மருந்து, ஆவி, கொதி. ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் ஆழமாகப் போனது; கடைசியில் காகத்தின் சிறகு, வெயில் படும்போது நீலம் காட்டுமே, அந்தக் கறுப்பு. ஒரு தாய் தன் பிள்ளையைத் தின்ற சாமானின் இனத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆவிக்குள் என் முகத்தில் வழிந்தது என்ன தண்ணீர் என்று ஆருக்கும் தெரியாது. நான் சின்னவனின் பெயரைச் சொன்னேன். செய்தி வந்த பிறகு முதல் தரம். அவனுக்குத் தலை துவட்டினால் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பான் என்று சொன்னேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம், கூச்சம் பிடிச்சவன்" என்று மட்டும் சொல்லி, தண்ணீர் வற்றாமல் சட்டிக்குள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாய்.

வேலை முடிந்து எண்ணெய் பூசி அதைக் கொண்டுபோனாய். மேசை வேலை கிடைத்தது என்றாய். அந்தக் கிழமையே ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைக்குப் போய் ஒரு புதுச் சட்டியோடு வந்தாய். "பழசிலை மருந்து பட்டிட்டுது, இனி அதிலை சமைக்காதை." புதுச்சட்டி சும்மா கிடக்கலாமோ? வெள்ளிக்கிழமை உலை வைத்தேன். பிறகு மேட்டில் ஏறிப் போனேன். முருகனும் நானும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் முதலில் கதைத்தது என்று கேட்காதே.

போன மாரியில் உன் செத்தவீட்டுக்கு அந்த முதலாளிக் கிழவர் வந்திருந்தார். ஊன்றுகோலோடு படியேறி வந்து, கதிரையில் இருந்து, பேத்தியிடம் நெடுநேரம் ஏதோ சொன்னார். பேத்தி இப்போது இரசாயனம் படிக்கிறாள், மச்சாள். சிவப்புத் துரு ஏன் கறுக்கிறது என்று எழுத்தும் எண்ணுமாக எனக்கு எழுதிக் காட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என்ன வடிவான கையெழுத்து! ஐந்தாம் வகுப்புக்காரியின் பேத்தி.

அவள்தான் கிழவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள். "அம்மம்மா, அந்தப் பிஸ்ரலைப் பற்றித்தான் சொல்லுறார். கடையிலை இரும்பு அவிக்கிறதுக்கெண்டே ஒரு நீட்டுத் தொட்டி இருந்ததாம். அதிலை செய்யச் சொன்னவராம். அவ கேக்கேல்லையாம், வீட்டைதான் கொண்டுபோவன் எண்டு நிண்டவவாம். மேசை வேலை அவவுக்கு முதலே குடுத்தாச்சாம்."

எல்லாரும் இருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதேன். ஆட்களுக்கு முன்னால்தான்.

கள்ளி. தள்ளிவைத்த ஒரு சட்டியை நான் திரும்ப எடுக்க எத்தனை பொய்!

இன்று வெள்ளி. ஒழுக்கை அடைத்தாயிற்று. பழைய சட்டியை, கோடு அழியாமல், துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். புதுச்சட்டியை எடுத்து, வழக்கம்போல உள்விளிம்பை விரலால் தடவி முகர்ந்து பார்த்தேன். பேத்தி, "என்ன அம்மம்மா மணக்கிறியள்?" என்றாள்.

"சுத்தம், மச்சாள்" என்று உனக்குச் சொல்லிவிட்டு, உலை வைத்தேன்.