பூவுக்குள் என் முகம்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. ஒருவருக்கு மூக்குக்கண்ணாடியின் காம்பு நெளிந்திருந்தது, நிமிர்த்திக் கொடுத்தேன். மத்தியானம் பள்ளி வாட்ஸப் குழுவில் செய்தி: ஒட்டடைக்குச்சி போய்விட்டான். மாரடைப்பு.

பத்தாம் வகுப்பில் என் பக்கத்து இருக்கை. அதற்குப் பிறகு நாலைந்து தடவை பேசியிருந்தால் அதிகம். எனக்கு 'முட்டைக்கண்ணன்' என்று பேர் வைத்த புண்ணியவான். கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அழுகை வரவில்லை.

மார்ச் 5

லீடர் அஞ்சலிப் படம் போட்டிருக்கிறான். வகுப்புத் தலைவனாக இருந்தவன். அந்தப் பதவியை இன்றுவரை யாரும் அவனிடமிருந்து பிடுங்கவில்லை. பழைய வகுப்புப் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, சுற்றிலும் வெள்ளைப் பூ வைத்து, கீழே "என்றும் சிரித்த முகம்".

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அது நான்.

சிரிக்கக்கூட இல்லை. முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

படத்துக்குக் கீழே அச்சடித்த பெயர்களை எண்ணி ஆளைப் பிடித்திருக்கிறான். அன்றைக்கு வராத ஒருவனின் பெயரும் அதில் உண்டு. கணக்கு ஓர் ஆள் தள்ளிப்போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் குழு நிரம்பி வழிந்தது. "அந்தக் கண்ணை மறக்க முடியுமா!" "தங்கமான பையன்." "நேத்துப் பாத்த மாதிரி இருக்கு." என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை இந்தக் குழுவில் வந்ததே இல்லை.

மார்ச் 6

"படம் மாறிப்போச்சு, பாருங்க" என்று போட்டேன். லீடர் பதில்: "நல்லாப் பாருப்பா. கண்ணாடிக் கடை வேற வெச்சிருக்க." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

'அது நான்' என்று எழுதி, அழித்தேன். ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், இவனுக்குத் தன் மூஞ்சிதான் பெரிது என்பார்கள். ஆனா ஒருத்தருக்குக்கூடவா தெரியல? கூடப் படிச்சவங்கதானே எல்லாரும்?

மனைவியிடம் காட்டினேன். "ஐயோ, உங்க போட்டோவ எதுக்குப் பூவுக்குள்ள வெச்சிருக்காங்க?" என்று பதறினாள். கொஞ்சம் ஆறுதல்.

மார்ச் 7

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். ஆள் உயரத்துக்கு பேனர். ஒட்டடைக்குச்சியின் மனைவியும் வருகிறாராம். புருஷன் இருக்க வேண்டிய இடத்தில் அந்த அம்மா என் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா? லீடருக்கு போன் செய்தேன்.

"பிரிண்டுக்குப் போயிடுச்சுப்பா. துக்கத்துல உனக்குக் குழம்புது."

மார்ச் 9, ஞாயிறு

பேனருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான். மேலே ஒரு முகம், கீழே அதே முகம். நரையும் தொந்தியும்தான் கூடுதல். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. லீடர் பேனரிலிருந்த என் கண்களைச் சுட்டிக்காட்டி உருக்கமாகப் பேசினான். நானும் எழுந்து நின்று எனக்கு மௌன அஞ்சலி செலுத்தினேன்.

அந்த அம்மா தாமதமாக வந்தார். பேனரை நிமிர்ந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். சிரிப்பு.

"இது அவர் இல்லீங்க. இது முட்டைக்கண்ணன்."

பார்வை அப்படியே கீழே இறங்கி என்னிடம் வந்து நின்றது.

"நீங்கதானே? கல்யாணமான புதுசுல இந்தப் படத்தக் காட்டிக் காட்டி உங்க கதையாச் சொல்லுவார்."

தலையை மட்டும் ஆட்டினேன். இத்தனை நாள் வராத அழுகை அப்பதானா வரணும்? பாவி, இவங்க யாருக்கும் தெரியல, உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. நீயும் போயிட்ட.

மார்ச் 11

குழுவில் எல்லோரும் என்னை விசாரிக்கிறார்கள். "முட்டைக்கண்ணா, உன்னப் போயி மறப்பமாடா!" அந்தப் பேர் இவர்கள் வாயில் ஒட்டவில்லை.

லீடர் சரியான படத்தைப் போட்டுவிட்டான். "என்றும் சிரித்த முகம்" இப்போது பொருந்துகிறது. கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் திரும்பிச் சிரிக்கிறான். "முட்டைக்கண்ணா, முறைக்காதடா, கேமரா உடைஞ்சிரும்" என்று அந்த நேரம் பார்த்துக் காதில் சொன்னான். அதனால்தான் நான் இன்னும் முறைத்தேன்.

பக்கத்தில் இருந்த என்னை வெட்டிவிட்டார்கள். அவன் வெள்ளைப் பூவைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை நான் திருத்தப் போகவில்லை.