சொட்டுத் தண்ணீர் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

பால், காய்கறி, சோப்பு எழுதி முடித்தேன். நாளை மறுநாள் பெரியவனுக்கு ரத்தப் பரிசோதனை. முழு பேக்கேஜ் 2,850. கரண்ட் பில்லையும் கேஸையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

இருபத்து மூன்று வருடம் எனக்கு மகளாக இருந்தவன். ஆண் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து ஒரு வருடம். ஊசிச் செலவு அவன் சம்பளத்தில். பரிசோதனைச் செலவு என் பிடிவாதத்தில்.

"ரெண்டே டெஸ்ட் போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கம்மா. ஹார்மோன் அளவு ஒண்ணு, ரத்தம் கெட்டியாகுதான்னு ஒண்ணு. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான். நீ மூணு மாசத்துக்கொரு தடவை பதினேழு எடுக்க வைக்கிற. என்னத்தம்மா தேடுற?"

"உன் உடம்பைப் பாக்க வேண்டாமா?" என்றேன்.

என்னத்தைத் தேடுகிறேன்?

மார்ச் 4, புதன்

என் வீட்டுக்காரருக்குக் கேலி. "ஒரு கத்தரிக்கா சொத்தைன்னா கடைக்குத் திரும்பிப் போற ஆளு நீ. லேப்காரன் உன்னைப் பாத்தாலே நடுங்குவான்."

சிரிப்பு வரவில்லை. பிரார்த்தனையில் உட்கார்ந்தால் வாய் ஒன்று சொல்கிறது, மனசு ஒன்று கேட்கிறது. இறைவா, ஏதாவது ஒன்று தப்பாக வரட்டும். பெரிதாக வேண்டாம், அவர்களே ஊசியை நிறுத்தச் சொல்கிற அளவுக்கு—

இதை ஏன் எழுதினேன்.

மார்ச் 5, வியாழன்

பேக்கரியில் இரவு வேலை முடித்து நேராக லேபுக்கு வந்தான். அடுப்பு முன்னால் நின்றதில் சட்டை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வெறும் வயிறு, சொட்டுத் தண்ணீர் கூடாது என்று நேற்றே சொல்லியிருந்தேன். வெறும் வயிறு என்றால் எனக்கு அதுதான்; என் விரதம் எப்போதும் அப்படித்தான்.

"தாகமா இருக்கும்மா."

"கொஞ்சம் பொறுடா."

மார்ச் 7, சனி

ஒன்று தப்பாக வந்துவிட்டது. ரத்தத்தின் கெட்டி 55. ஐம்பத்து நான்கைத் தாண்டக் கூடாதாம்.

"உறைஞ்சு மூளைக்கோ நெஞ்சுக்கோ போயிடலாம். அடுத்த ஊசி இப்போ வேண்டாம், பாக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவன் அறைக்குள் போய்க் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடினான். மகளாக இருந்த காலத்தில் அந்தக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும்.

ஐயோ, என்னத்தக் கேட்டுத் தொலைச்சேன்? நிஜமாவே உறைஞ்சு போச்சுன்னா? தூங்குறவனுக்கு மூச்சு வருதான்னு ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பயம் தாங்காமல் நான் மட்டும் டாக்டரம்மாவிடம் போனேன்.

"டெஸ்டுக்கு முன்னாடி பையன் தண்ணி குடிச்சாரா?"

"சொட்டு விடலை. நான்தான் கூடாதுன்னேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "ராத்திரி பூரா அடுப்புகிட்ட வேர்த்துட்டு, தண்ணியும் இல்லைன்னா கெட்டியாத்தாம்மா காட்டும். லீவு நாள்ல நல்லா தண்ணி குடிச்சிட்டு அந்த ஒண்ணை மட்டும் திரும்ப எடுங்க."

"அப்பவும் கெட்டியா இருந்தா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் அந்த டெஸ்ட். இதுவும் ஹார்மோன் டெஸ்டும் போக, மத்த பதினஞ்சும் உங்க பயத்துக்கு."

அந்த ஒன்றுக்கு 180.

மார்ச் 17, செவ்வாய்

எனக்கு விரதம், அவனுக்கு லீவு; திரும்ப டெஸ்ட். அவன் தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே இறைவனிடம் இன்று எதிர்ப்பக்கமாக வேண்டினேன். எந்த முகத்தோடு என்று கேட்காமல் இருந்தால் சரி.

மார்ச் 18, புதன்

49. ஊசியைத் தொடரலாம் என்றார் டாக்டரம்மா. குளியலறை வாளியில் அந்தத் துண்டு ஊறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 15, செவ்வாய்

பால், அரிசி, பரிசோதனை இரண்டு. பரிசோதனைக்கு மொத்தம் 760. தண்ணி குடிச்சியா, குடிச்சியா என்று நச்சரித்ததில், "என்னை ஒட்டகமாக்கிட்டுத்தான் விடுவ," என்கிறான்.

பயம் எங்கும் போய்விடவில்லை. எண் நாளைதான் வரும். கணக்கை மூடும்போது கேட்டேன்: "அடுத்த ஊசி என்னைக்குடா?"

கையில் இருந்த டம்ளரோடு அப்படியே நின்றான். "வெள்ளிக்கிழமை. ஏம்மா?"

"மறந்துடாத. அதான்."