மாமனுக்கு மூச்சு நின்ற கதை

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். மழை விட்ட மறுநாள் பெருங்களத்தூரில் வண்டி சறுக்கும் என்று அக்கா குப்பம்மாவிடம் சொல்லியிருந்தேன். நேற்று அவள் மகன் மோகன்ராஜ் விழுந்தான். உயிருக்குப் பயமில்லை, தாடை உடைந்துவிட்டது. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. முழு வஞ்சிரத்தை முள்ளோடு முடிக்கிற வாய், ஸ்ட்ராவில் கஞ்சி குடிக்கிறது!

12 செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் தீபா வந்து விளக்கினார். எட்டாவதுதான் படித்தேன், ஆனாலும் உடனே பிடிபட்டது. வார்டுக்கே நான்தான் திரும்ப விளக்கினேன். வலியில் தாடைச் சதை இறுகிக் கிடக்கிறது. சதையைத் தளர்த்தும் ஊசி போட்டால் இளகும். ஆனால் மூச்சு விடும் சதையும் சேர்ந்து தளர்ந்துபோகும், மிஷின்தான் மூச்சு கொடுக்கணும். முகம் வீங்கியிருப்பதால் காற்று கொடுக்கும் மாஸ்க் சரியாக உட்காராது. அதனால் முழிப்பாக இருக்கும்போதே மூக்கை மரத்துப்போக வைத்து, குழாய் விட்டு, அப்புறம்தான் அந்த ஊசி.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்துல பிரச்சனை வந்திருக்கா?" என்று கேட்டார்.

இவ்வளவு பெரிய டாக்டர் கேட்டு ஒருத்தரும் வாய் திறக்காவிட்டால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? என் குடலிறக்க ஆபரேஷனை எடுத்துவிட்டேன். ஊசி போட்டதும் மூச்சு நின்றது, மறுநாள்தான் கை அசைந்தது, டாக்டர்களே என்னைக் கும்பிட்டார்கள்.

"நீங்க பையனோட அம்மா கூடப் பிறந்தவரா?"

"ஒரே வயிறு, டாக்டரம்மா." பெருமையாகத்தான் சொன்னேன்.

13 புதன்

ஆபரேஷன் தள்ளிப்போனது. சில குடும்பங்களில் அந்த ஊசி மருந்தை உடம்பு சீக்கிரம் கரைக்காதாம், அது ரத்த வழியில் வருமாம். மோகனுக்கு ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர ஒரு வாரம் ஆகுமாம். எங்களுக்கு அபூர்வ ரத்தம் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மோகன் வாயைத் திறக்காமலே முனகினான். "மாமா... பசிக்குது மாமா."

14 வியாழன்

இரும்புலியூரில் எங்கள் வீட்டில் சுறாப்புட்டு. எனக்கு இறங்கவில்லை. "இன்னா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள் வீட்டுக்காரி. அந்த ஊசியை நான் பார்த்ததுகூட — சரி, வேண்டாம்.

15 வெள்ளி

கொடியேற்றம் முடிந்து, சட்டையில் குத்திய கொடியோடு வந்த டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். நாளைக்கே ஆபரேஷன்! எப்படிடா சாதிச்சே என்றாள் அக்கா. பேசுகிற விதத்தில் பேசினேன் என்றேன்.

16 சனி

முடிந்தது! ஊசி ஏறினதும் தாடை கதவு மாதிரி திறந்துகொண்டதாம். பிளேட் வைத்து நிறுத்திவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். வார்டுக்கே என் செலவில் டீ.

7 செப்டம்பர், ஞாயிறு

மிருதுவான சாப்பாடு தரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் சுறாப்புட்டு. மோகன் இரண்டாவது தட்டில் இருக்கும்போது, அக்கா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துக் காதோரம் சொன்னான்: "டாக்டரம்மா எல்லாம் சொல்ட்டாங்க மாமா. அம்மாவுக்குத் தெரியாது. தெனம் வாயைத் தொறந்து பழகணுமாம். அந்த மூச்சு நின்ன கதைய இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். இந்தத் தடவை மூன்று நாள் மூச்சு நின்றது. கடைவாய்ப்பல் தெரிய சிரித்தான். அதைவிட அழகான வாயை நான் பார்த்ததில்லை.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். எனக்கு மூச்சு நிற்கவே இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போனது. ஆபரேஷன் முழுக்க முழித்துக்கொண்டு, இறால் எப்படிப் பார்த்து வாங்குவது என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தடவை, "கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்றார்.